சிற்பக் கல்வியும் திருக்கோயிற் பணியும்

திருநின்றவூரில் வாழ்ந்த பூசலார் நாயனார் கையிற் பொருளில்லாதவர். சிவபெருமானுக்குத் திருக்கோயில் எடுக்க விரும்பிப் பலவிடத்தும் பொருள் தேடினார், கிடைத்திலது. ஆகலின் மனத்தினுள்ளேயே கோயில் எடுக்கத் தொடங்கினார். அவ்வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் உரைக்கும் முறை ஊன்றி நோக்கத்தக்கது. மனக்கோயில்தானே என்று நாயனார் எதனையும் சுருக்கிக்கொண்டாரல்லர். நினைவினாலே பொருள் திரட்டினார்; வேண்டும் சாதனங்களையும் தச்சரையும் தேடிக்கொண்டார்; நல்ல நாள் பார்த்து அடிநிலையிட்டார்; இரவிலும் கண்ணுறங்காது உபானம் முதலிய உறுப்புக்களை முறையாக அமைத்தார்; சிகரம் உயர்த்தித் தூபி நாட்டினார்; சுதைவேலை முடித்தார்; கிணறும் மதிலும் திருக்குளமும் வகுத்தார். அதன்பின்னரே தாபனத்திற்கு நாள் குறித்தார். காஞ்சியிலே கற்றளி எடுத்த காடவர்கோன் குறித்த நாளும் அதுவேயாக, இறைவன் அரசனது கனவில் தோன்றி, அவன் நாளை மாற்றிக்கொள்ளுமாறு பணித்தருளினான்.

இவ்வரலாற்றால் அன்பின் பெருமை விளங்கும் என்பது யாவரும் அறிந்தது. மற்றொன்றும் இதன்கண் உண்டு. அன்பு முறையை விலக்குவதன்று. மனத்தால் எடுத்த கோயிலுக்கும் தச்சர் வேண்டியிருந்தனர், சுதைவேலை வேண்டியிருந்தது. அங்ஙனமாயின் கல்லாலும் செங்கல்லாலும் எடுக்கும் கோயிலுக்குக் கற்றறிந்த கை எத்துணை இன்றியமையாதது!

பொட்டிப்புரத்தில் திருக்குட நன்னீராட்டுப் பெருவிழா நிகழும் இந்நாளில் யாகசாலையைக் கண்டு மகிழ்வோர் பலர். திருப்பணிக்குப் பொருள் உதவிய அன்பர்களை ஊரார் போற்றுகின்றனர். கல்லைத் திருவுருவாக்கிய கை யாருடையது, அந்தக் கைக்கு அக்கல்வியை அளித்தவர் யாவர் என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவுக்கு விடையாவது ஒரு நீண்ட வரலாறு. அது பட்டறையில் தொடங்கிப் பல்கலைக்கழகப் பட்டம் வரை வந்து நிற்பது.

கம்பம் பள்ளத்தாக்கில் உளியின் பழமை

தேனி மாவட்டத்திற்கு உளியின் ஓசை புதிதன்று. ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்த நடுகற்களில் தமிழ் பிராமி எழுத்துக்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவை ஈராயிரம் ஆண்டுகட்கும் மேற்பட்டவை என்பர் அறிஞர். உத்தமபாளையத்துப் பாறையிலே சமண தீர்த்தங்கரர் உருவங்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கின்றன. சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் அவ்வரசரின் குலமுறையையும், மதுரையில் சங்கம் இருந்த செய்தியையும் கூறுவன. அச்செப்பேட்டில் எழுத்து வெட்டியதும் கம்மியன் ஒருவனுடைய கையே.

பொட்டிப்புரத்தை அடுத்த அம்பரப்பர் மலையின் பாறை மிகக் கடினமானது. அதன் கடினத்தை நோக்கியே நியூட்ரினோ ஆய்வுக்கூடத்திற்கு அவ்விடத்தை அறிவியலார் தேர்ந்ததும், அதன்பொருட்டு எதிர்ப்பும் வழக்கும் எழுந்ததும் இவ்வட்டாரத்தார் நன்கறிந்தவை. அறிவியலார் கல்லைக் கருவிகொண்டு ஆராய்ந்து அறிவர். ஸ்தபதியோ கல்லைத் தட்டி, அதன் ஒலி கேட்டு அறிவார். வெண்கல மணிபோல் ஒலிப்பது ஆண்கல் என்றும், அதனின் மெல்லோசை உடையது பெண்கல் என்றும், ஓசையற்றது அலிக்கல் என்றும் சிற்ப நூலார் வகுத்தனர். திருவுருவிற்கு ஆண்கல்லும் பீடத்திற்குப் பெண்கல்லும் அடியில் இடுதற்கு அலிக்கல்லும் கொள்வது மரபு. இதனை நூலிற் படித்து அறிந்தவன் பாதி அறிந்தவனே. நூறு கற்களைத் தட்டிக் கேட்ட செவியே முழுதும் அறியும்.

பட்டறையே பள்ளியாக இருந்த காலம்

பண்டு சிற்பக் கல்வி தந்தையிடமிருந்து மைந்தனுக்கு வந்தது. ஏழெட்டு வயதிலேயே சிறுவன் பட்டறைக்கு வருவான். உளி தீட்டுதலும் நூல் பிடித்தலும் அவனுக்கு முதற்பாடம். கோடு வரைதல் கைவந்தபின் பூவும் கொடியும். அவற்றின்பின் கையும் காலும். எல்லாவற்றிற்கும் இறுதியிலேயே திருமுகம். சிற்ப நூல்கள் இத்தொழிலாளரை நால்வகையினராகக் கூறும். பணி முழுவதையும் வகுத்து நடத்துபவர் ஸ்தபதி; நூலிட்டு அளவு குறிப்பவர் சூத்திரகிராகி; கல்லையும் மரத்தையும் செதுக்குபவர் தட்சகர்; செதுக்கியவற்றை இணைத்து எழுப்புபவர் வர்த்தகி. ஸ்தபதியாக விளங்குபவர் ஏனை மூவர் தொழிலையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது விதி.

இக்கல்வியின் உயிர்நாடி அளவு. திருமுகத்தின் நீளத்தை அடியாகக் கொண்டது தாளமானம். சிவபெருமான் முதலிய பெருந்தெய்வத் திருவுருவங்களுக்கு உத்தம தசதாளம். அதன்படி உருவம் 124 அங்குலம். தேவியர்க்கு மத்திம தசதாளம்; அது 120 அங்குலம். இங்கே அங்குலம் என்பது அளவுகோலில் உள்ள அங்குலம் அன்று. அவ்வுருவத்தின் உயரத்தையே பகுத்துப் பெறும் கூறு. ஆகலின் ஒரு சாண் உயரமுள்ள செப்புத் திருமேனிக்கும் ஒன்பதடிக் கற்சிலைக்கும் இலக்கணம் ஒன்றேயாம். சிவலிங்கத்திலும் அடியில் நாற்கோணமாகிய பிரம பாகமும், இடையில் எண்கோணமாகிய விட்டுணு பாகமும், மேலே வட்டமாகிய உருத்திர பாகமும் இவ்வாறே அளவு கொண்டு அமைவன. வழிபடுவோர் காண்பது மேலுள்ள பாகம் ஒன்றையே. காணப்படாத இரண்டு பாகங்களையும் சிற்பி வழுவாது செய்கின்றான். கண்ணுக்குத் தெரியாத இடத்தும் பிழை செய்யாமை இக்கல்வியின் ஒழுக்கம்.

இத்தகையோரைப் பேரரசரும் மதித்தனர். தஞ்சைப் பெரிய கோயிலை 1010-இல் நிறைவுசெய்த முதலாம் இராசராசன், தான் கொடுத்தனவும் தன் தமக்கையார் கொடுத்தனவும் கல்லில் வெட்டுவித்ததோடு அமையவில்லை. கோயிலை எடுத்த குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயரும் அக்கோயிற் கல்வெட்டிலேயே இடம்பெற்றது.

ஆதரவு குன்றிய காலம்

அரசுகள் வீழ்ந்தபின் பட்டறைகளும் தளர்ந்தன. 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நகரத்தார் பாடல்பெற்ற தலங்கள் பலவற்றில் செய்த திருப்பணிகளே ஸ்தபதிகள் பலர்க்கு வாழ்வளித்தன. அவ்வாதரவும் நாளடைவிற் சுருங்கிற்று. தந்தை கற்றதை மைந்தன் கல்லாது வேறு தொழில் நாடிச் செல்லலானான்.

அதற்கு முன்னரே ஆங்கில ஆட்சியார் முறையில் கலைக்கல்வி சென்னையில் தொடங்கியிருந்தது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் நிறுவிய கலைப்பள்ளி சில ஆண்டுகளில் அரசினர் பொறுப்பில் வந்தது. அங்கே சித்திரமும் மட்கலத் தொழிலும் உலோக வேலையும் மரவேலையும் கற்பிக்கப்பட்டன. அதன் தலைமையை ஏற்ற முதல் இந்தியர் தேவிபிரசாத் ராய் சௌதுரி. அவர் பொறுப்பேற்ற ஆண்டு 1929. சென்னைக் கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை அவர் படைத்ததே. இப்பள்ளியே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. அது கலைஞர் பலரை ஆக்கித் தந்தது. எனினும் ஆகம வழியில் கருவறைத் திருமேனியைச் செய்வோரை ஆக்குதல் அதன் நோக்கமாக அமையவில்லை.

கையும் கல்வியும் பிரிந்து நிற்றல் தகாது என்னும் எண்ணம் அக்காலத்தே உலகெங்கும் எழுந்தது. ஈழத்துத் தமிழர் மரபில் தோன்றிய ஆனந்த குமாரசாமி அவர்கள் 1908-இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் கம்மியர் வாழ்க்கையையும் அவர் கற்கும் முறையையும் விரித்துரைத்தார். 1918-இல் சிவநடனம் பற்றிய அவர் நூல் தில்லைக்கூத்தனின் திருவுருவப் பொருளை மேல்நாட்டார்க்கு உணர்த்திற்று. அடுத்த ஆண்டாகிய 1919-இல் சாந்திநிகேதனத்தில் கலாபவனம் தோன்றியது. அதே ஆண்டில் செருமனி நாட்டு வைமார் நகரில் பௌஹௌஸ் என்னும் பள்ளி நிறுவப்பெற்று, பட்டறை வேலையைக் கல்வியின் நடுவே வைத்தது. இந்திய நாடு விடுதலை பெற்றபின், 1950-இல் பரோடாப் பல்கலைக்கழகம் கவின்கலைக்கெனத் தனிப்புலம் அமைத்து, ஓவியமும் சிற்பமும் பயில்வார்க்குப் பட்டம் வழங்க முற்பட்டது. கணிதமும் இலக்கியமும் பயின்றார்க்கே உரியதாயிருந்த பட்டம் கைத்தொழில் பயின்றார்க்கும் உரியதாயிற்று.

மாமல்லபுரத்துக் கல்லூரி

தமிழ்நாட்டு ஸ்தபதி மரபிற்கு மறுவாழ்வு அளித்த ஆண்டு 1957. அவ்வாண்டில் சென்னை அரசினர் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சி நிலையம் ஒன்றை நிறுவினர். பிள்ளையார்பட்டி மரபினராகிய வைத்தியநாத ஸ்தபதி அதன் தலைமை ஏற்றார். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றிக் கோயில் சமைத்ததைக் கல்வெட்டிற் குறித்த மகேந்திரவர்மன் வழிவந்த பல்லவர் பாறைகளைக் குடைந்த ஊர் அது. கற்றற்குரிய பாடநூல் ஊரெங்கும் பாறையாகவே நின்றது.

வைத்தியநாத ஸ்தபதிக்குப் பின் அவர் மைந்தர் கணபதி ஸ்தபதி அப்பொறுப்பை ஏற்று ஏறத்தாழ 27 ஆண்டுகள் வழிநடத்தினார். 1927-இல் பிறந்த அவர் கல்லூரியிற் கணிதம் கற்றவர்; தந்தையிடம் உளி பிடித்தவர்; பழனித் திருக்கோயிலில் ஸ்தபதியாகப் பணியாற்றியவர். இரு வழிக் கல்வியும் ஒருவரிடத்தே கூடியமை இக்கல்லூரியின் நற்பேறு. சிற்ப இலக்கணத்தைத் தமிழிற் கற்பார்க்கென அவர் இயற்றிய நூல் சிற்பச் செந்நூல் ஆகும். 2009-இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர் 2011-இல் மறைந்தார்.

பயிற்சி நிலையம் பின்னர்க் கல்லூரியாகிச் சென்னைப் பல்கலைக்கழக இணைப்புப் பெற்றுப் பட்டம் வழங்கலாயிற்று. 2013-இல் தோன்றிய தமிழ்நாடு இசை மற்றும் கவின்கலைப் பல்கலைக்கழகத்தோடு இப்போது அது இணைந்துள்ளது. மேனிலைக் கல்வி முடித்தோர் நான்காண்டு பயின்று பட்டம் பெறுவர். கோயிற் கட்டடக்கலை ஒரு பிரிவு. கல், உலோகம், சுதை, மரம் ஆகியவற்றில் திருவுருவம் சமைக்கும் சிற்பக்கலை மற்றொரு பிரிவு. மரபு ஓவியமும் உண்டு. மயமதம், மானசாரம் போன்ற நூல்களின் இலக்கணம் வகுப்பில் உரைக்கப்படும். அவ்விலக்கணம் பட்டறையிற் கைப்படும். உலோகப் பிரிவில் தேன்மெழுகும் குங்கிலியமும் கூட்டி உருவம் சமைத்து, வண்டல் மண் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை வார்ப்பர். ஒரு முறை வார்த்தால் கருவை உடைத்தே உருவை எடுத்தல் வேண்டும். ஆகலின் ஒரு கருவுக்கு ஓர் உருவே உண்டு.

கல்லூரியால் இழந்ததும் பெற்றதும்

இம்மாற்றத்தை ஐயுற்றோரும் உளர். அவர்தம் ஐயம் பொருளற்றதன்று. ஏழு வயதில் உளி பிடித்த விரலும் பதினெட்டு வயதில் உளி பிடிக்கும் விரலும் ஒன்றாகா. மணி அடித்தவுடன் முடியும் வகுப்பு வேறு. ஆசிரியருடனே உண்டு உறங்கிக் கற்ற கல்வி வேறு. தேர்வு எழுதிப் பெறும் எண்கள் கல்லின் ஓசையை அறிவிக்கமாட்டா.

இந்நிலை சிற்பத்திற்கு மட்டும் நேர்ந்ததன்று. தமிழ்க் கல்விக்கும் நேர்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் ஏடு எழுதிப் பாடம் கேட்ட உ. வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். மடத்துத் திண்ணையிலிருந்து கல்லூரி வகுப்பிற்குத் தமிழ் சென்றபோது, இனிப் பழைய புலமை நில்லாது என்று வருந்தியோர் இருந்திருப்பர். குருவின் அருகிருந்து கற்கும் பேறு பலர்க்கு இல்லாமற் போயிற்று என்பது மெய்யே. ஆயினும் அக்கல்லூரியிலிருந்தபடியே அவர் சீவக சிந்தாமணியை 1887-இல் அச்சேற்றினார். மடத்துப் பயிற்சியின் உறுதி அவரிடம் இருந்தது. கல்லூரி அதனைப் பலர்க்கும் கொண்டு சேர்த்தது. இரண்டில் ஒன்று இல்லையாயினும் அப்பணி நிறைவேறியிராது.

சிற்பத்திலும் அங்ஙனமே. முற்காலத்தில் கம்மியர் குடியிற் பிறந்தார்க்கே திறந்திருந்த வாயில் இன்று விருப்பமும் தகுதியும் உடைய யாவர்க்கும் திறந்துள்ளது. பெண்மக்களும் உளி பிடிக்கின்றனர். இது முறையோ என வினவுவார்க்குத் திருத்தொண்டர் வரலாறே விடை கூறும். மட்கலம் வனைந்த திருநீலகண்டரையும், ஆடை நெய்த நேசரையும், வேட்டுவராகிய கண்ணப்பரையும் ஒருங்கே வணங்குவது சைவம். தொண்டு செய்யும் கையின் தூய்மையையும் அறிவையும் நோக்கும் நெறியில், கற்க வந்தவனைக் குலம் கேட்டு நிறுத்துதல் பொருந்தாது. மரபுக் குடியினர் பல தலைமுறை காத்துத் தந்த செல்வம் இது என்னும் நன்றியும் மறக்கற்பாலதன்று. கல்லூரியில் முதலில் ஆசிரியராய் அமர்ந்து அதனைப் பிறர்க்கும் வழங்கியவர் அக்குடியினரேயாவர்.

பட்டம் என்பது வாயில், கருவறை அன்று. பட்டம் பெற்றவர் தேர்ந்த ஸ்தபதியின்கீழ் மேலும் பல்லாண்டு பணியாற்றிய பின்னரே கண்திறக்கும் தகுதி பெறுவர். திருவுருவம் முற்றும் நிறைவுற்றபின் கண்ணைத் திறப்பது ஸ்தபதியின் இறுதிப் பணி. அதுவரை அது கல். அதன்பின் சிவாசாரியாரது பணி தொடங்கும். ஒருவர் முடிக்கும் இடத்திலேயே மற்றவர் தொடங்குதலின், முன்னவர் கல்வியிற் குறை நேரின் பின்னவரது மந்திரத்தால் அதனை மறைத்தல் இயலாது.

இம்மரபின் ஆற்றலுக்குச் சான்றுகள் பல. குமரிமுனைப் பாறைமேல் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை 133 அடி உயரமுடையது. பீடம் 38 அடி, உருவம் 95 அடி. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38. ஏனை இரு பாலின் அதிகாரங்கள் 95. அதனை வகுத்தவர் கணபதி ஸ்தபதியே. அமெரிக்க நாட்டு ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய கவாயில் சைவத் துறவியர் எடுத்த இறைவன் கோயிலும் அவர் வரைந்த திட்டமே. பெங்களூருக்கு அருகே கையுளியாற் செதுக்கிய வெண்கற்கள் கப்பலேறிச் சென்று அங்கே கோயிலாயின. முப்பது ஆண்டுகட்கு மேற்பட்ட உழைப்பின் பயனாக 2023-இல் குடமுழுக்கு நிறைவேறிற்று.

திருப்பணி செய்வார் கடமை

கடல் கடந்த நாட்டில் முப்பது ஆண்டு காத்திருக்கும் பொறுமை வாய்த்தது. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் மூன்று திங்களுள் எல்லாம் முடிதல் வேண்டும் என்ற அவசரம் மிகுந்துள்ளது. நான்காண்டு கற்ற இளைஞர் ஊர் திரும்பினால், சிமிட்டியில் அச்சு வார்த்து எண்ணெய் வண்ணம் பூசும் வேலையே அவர்க்குக் கிடைக்கின்றது. விரைவு கருதிக் கையுளியை விடுத்து அறுக்கும் இயந்திரத்தைக் கொள்வோர், அதன் தூசியால் நுரையீரல் நோயுற்று வருந்துகின்றனர். கற்றவர்க்குப் பணி இல்லையேல் கல்லூரி இருந்தும் பயனில்லை.

ஆகலின் பொருள் வழங்கும் அன்பர்கள் சிலவற்றை மனங்கொள்ளுதல் நலம். பழைய விமானத்தின் சுதையைச் சுண்ணச் சாந்தினாலேயே பழுது பார்த்தல் வேண்டும். சுண்ணாம்பும் மணலும் கலந்து அரைத்துக் கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்த சாந்து, காற்றை உட்கொண்டு நாளடைவில் இறுகும். உள்ளே புகுந்த ஈரத்தை வெளிவிடும். சிமிட்டி ஈரத்தை உள்ளே அடைத்து வைத்தலின் பழைய செங்கல் உப்புப் பூத்து உதிர்கின்றது. மணலை விசையோடு வீசிக் கற்சுவரைத் தூய்மை செய்யும் முறை, கல்வெட்டெழுத்தையும் சிற்ப நுணுக்கத்தையும் தேய்த்தமையாலேயே அரசினரால் விலக்கப்பட்டது. கருங்கல்லின்மேல் வண்ணம் பூசுதலும் பழந்தளத்தின்மேல் பளபளப்பான ஓடு பதித்தலும் பத்தியின் மிகுதியாற் செய்யப்படுவனவே. எனினும் ஸ்தபதியைக் கேளாது செய்த பத்தி கோயிலுக்குத் தீங்காய் முடிகின்றது.

திருப்பணி தொடங்குமுன் கற்றறிந்த ஸ்தபதியை வருவித்து அவர் சொல்லும் காலத்தை அவர்க்குத் தருதல் முதற்கடமை. பட்டம் பெற்ற இளைஞர் இருவரையேனும் அவர்கீழ் அமர்த்தி அவர்க்குரிய ஊதியத்தை ஒருவர் ஏற்றல் இரண்டாவது. அன்னதானத்திற்கும் மின்விளக்கிற்கும் பொருள் தருவோர் பலர் உளர். ஒரு சிற்பியின் கல்விக்குத் தருவோர் அரியர். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்த்துதல் மரபு. அடுத்த குடமுழுக்கில் விமானத்தின்மேல் ஏறப்போகும் கை இன்றே எங்கேனும் கற்றுக்கொண்டிருத்தல் வேண்டும். அது கற்காவிடின் அன்று பொருள் குவிந்தும் பயனில்லை.

மூன்றாவது கடமை எளியது, செலவற்றது. திருப்பணிக் கல்வெட்டில் கொடுத்தவர் பெயரோடு செய்தவர் பெயரையும் பொறித்தல். பேரரசனாகிய இராசராசனே தன் பெருந்தச்சன் பெயர் கல்லில் நிற்பதைத் தன் பெருமைக்குக் குறைவாகக் கருதவில்லை.

பூசலார் நாயனார் பொருளின்றியும் தச்சரை மறந்தாரல்லர். பொருள் படைத்த அன்பர்கள் அவர்களை மறவாதிருப்பாராயின், பொட்டிப்புரத்து மலையடிவாரத்தில் உளியோசை என்றும் ஓயாது. கற்ற கையால் எழுந்த கோயிலில் எல்லாம் வல்ல சிவபெருமான் எழுந்தருளி யாவர்க்கும் நலம் அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.